ஸ்டிக்கர் பொட்டுக்குக் கீழே: ஒரு பட்டுச்சேலை விற்பனையாளரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னையின் தென்புறநகரில் வசிக்கும் 46 வயதுப் பெண் ஒருவரைப் பற்றியது இது. தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் முகூர்த்தப் பட்டுப் பிரிவில் வேலை. சேலை மடித்து அடுக்கும் ஆளாகச் சேர்ந்தவர், படிப்படியாக உயர்ந்து, கல்யாண ஜவுளி எடுக்க வரும் குடும்பங்களை உட்காரவைத்துப் பேசி, விரித்துக் காட்டி, பில் போடவைக்கும் இடத்துக்கு வந்திருந்தார். சம்பளத்தைவிட, விற்பனைக்கு ஏற்பக் கிடைக்கும் இன்சென்டிவ்தான் வீட்டை ஓட்டியது. கணவர் ஒரு தனியார் கம்பெனியில் டிரைவர். மாமியார் உடன் இருக்கிறார். ஒரே மகள், பி.காம். முடித்து ஆடிட்டர் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம்.

தோல் மருத்துவர் ஒருவர் இவரை மனநல ஆலோசனைக்காக என்னிடம் அனுப்பினார். சீட்டில் மூன்று வாக்கியங்கள்: "வெண்புள்ளி. மருந்து ஒழுங்காகப் போடுகிறார். மேக்கப்பைக் கழுவிவிட்டு முகத்தைக் காட்ட மறுக்கிறார்."

பெயர், தெரு, கடை எதுவும் இங்கே இல்லை. அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதியதை அவர் படித்துப் பார்த்தார். மாமியார் பேசியதை மட்டும் வெட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

எப்படித் தொடங்கியது

சுமார் ஆறு வருடங்களுக்கு முன், ஸ்டிக்கர் பொட்டு ஒட்டும் இடத்தில் தோல் வெளுக்க ஆரம்பித்தது. கம்பாஸ் வைத்து வரைந்த மாதிரி, பொட்டின் அளவுக்குச் சரியாக ஒரு வட்டம். பக்கத்துத் தெரு கிளினிக்கில் தேமல் என்று சொல்லி ஒரு களிம்பு கொடுத்தார்கள். வட்டம் போகவில்லை. இவர் கொஞ்சம் பெரிய பொட்டாக வாங்கி ஒட்டினார். சில மாதங்களில் வெளுப்பு அந்தப் பொட்டையும் தாண்டி விளிம்பில் எட்டிப் பார்த்தது. அதைவிடப் பெரியது வாங்கினார்.

இதன் காரணம் தோல் மருத்துவத்தில் நன்கு பதிவானது. சில ஸ்டிக்கர் பொட்டுகளின் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற வேதிப்பொருள் இருக்கும். தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் செல்களை அது தாக்கும். எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை. ஆகிறவர்களுக்கு, பசை படுகிற இடத்தில் நிறம் போகும். சிலருக்குப் பசை படாத இடங்களுக்கும் அது பரவும். உடனே நிறுத்தினால் நிறம் திரும்ப வாய்ப்பு உண்டு. இவர் நிறுத்தவில்லை. வெளுப்பு தெரியக்கூடாது என்பதற்காக இரவிலும் பொட்டோடு தூங்கினார். முன்பு பகலில் மட்டும் பட்ட பசை, மறைக்கத் தொடங்கிய பிறகு இருபத்து நான்கு மணி நேரமும் பட்டது.

பிறகு உதட்டோரத்தில் வந்தது. அடுத்து இரண்டு கைவிரல் நுனிகளிலும். தோல் மருத்துவரிடம் அவர் போனது இந்தக் கட்டத்தில்தான், அதுவும் வீட்டில் யாருக்கும் தெரியாமல். பசையால் தொடங்கியது, இப்போது வெண்புள்ளியாகவே நிலைத்துவிட்டது என்பது மருத்துவரின் கணிப்பு. வெண்புள்ளி உள்ளவர்களுக்குத் தைராய்டு கோளாறும் சேர்ந்து வருவதுண்டு என்பதால் அந்தப் பரிசோதனையும் செய்தார்கள். அது சரியாக இருந்தது.

முதல் சந்திப்புகளில் கண்டது

நன்றாகப் பேசுகிறவர். உள்ளே வந்ததும் என் சேலையைப் பார்த்து, "இது செட்டிநாடு காட்டன்தானே மேடம், கஞ்சி போடாமலே நிக்குது பாருங்க" என்றார். பேச்சு முழுக்க சிரிப்பு. உதட்டோரம் பூசியது உடைந்துவிடாத அளவுக்கான சிரிப்பு அது என்று பிற்பாடுதான் தெரிந்தது.

எப்படி உணர்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு சாதாரண நாளை, எழுவதிலிருந்து படுப்பதுவரை, எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். டைரித் தாளில் எழுதி வந்தார். காலை 4.15-க்கு எழுந்திருப்பது. பாத்ரூம் கதவைத் தாழிட்டு, தோல் நிறத்துக்குக் கொஞ்சம் கூடுதலான ஷேடில் ஃபவுண்டேஷன், அதற்கு மேல் பவுடர், மறுபடி ஃபவுண்டேஷன். விரல்களுக்கும் அதே. மாமியார் எழுவதற்குள் பொட்டை மாற்றிவிட வேண்டும். பழையதைப் பிய்த்துப் புதியதை ஒட்டும் அந்த ஒரு நிமிடம் கண்ணாடி பார்ப்பதில்லை. ரயிலில் லேடீஸ் பெட்டி, ஜன்னலோரம் வேண்டாம், காற்றில் வியர்வை காய்ந்து திட்டுத் திட்டாகத் தெரியும். கடையில் ஏ.சி. இருப்பதால் பிழைத்தார். மதியம் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. கையால் பிசைந்து சாப்பிட்டால் விரல் வெளுக்கும், குழம்பு பட்டால் உதடு வெளுக்கும். அதனால் ஸ்டோர் ரூமில் தனியாக, ஸ்பூனால். கத்திரி வெயில் நாட்களில் வீடு திரும்பும்போது துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொள்வார். தூசி அலர்ஜி என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

தாளின் ஓரத்தில், நான் கேட்காமலே, ஒரு கணக்குப் போட்டிருந்தார். மறைப்பதற்கு மட்டும் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம். விற்பனைக்காரரின் கை, கூட்டிப் பார்க்காமல் இருக்காது.

தோல் நோய் அன்றாட வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்கும் டி.எல்.க்யூ.ஐ. என்ற பத்துக் கேள்விப் படிவம் உண்டு. 0-விலிருந்து 30 வரை மதிப்பெண். 10-ஐத் தாண்டினால் பாதிப்பு மிக அதிகம் என்று கொள்வார்கள். இவருக்கு 18. உடம்பில் வெளுத்திருந்த இடமோ, எல்லாம் சேர்த்தாலும் ஓர் உள்ளங்கை அளவுதான்.

இன்னொன்றையும் குறித்துக்கொண்டேன். மறைத்தது தோலை மட்டுமல்ல. வீட்டில் எதற்கும் சலித்துக்கொள்ளாத மருமகள், கடையில் கோபமே வராத அக்கா, மகளிடம் எந்தக் குறையும் சொல்லாத அம்மா. பொட்டுக்கு முன்பே பழகிய வேடங்கள் இவை. கடைசியாக எப்போது யாரிடமாவது கத்தினீர்கள் என்று கேட்டதற்கு வெகுநேரம் யோசித்தார். நினைவுக்கு வரவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

இப்படி வருகிறவர்களிடம் "எதற்கு மறைக்கிறீர்கள், தைரியமாக அப்படியே போங்கள்" என்று சொல்வது சுலபம். நான் சொல்வதில்லை. இவருடைய இன்சென்டிவ் இவருடைய முகத்தையும் விரல்களையும் நம்பி இருந்தது. மகளின் சம்பந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. இதற்கெல்லாம் விலை கொடுக்கப்போவது அவர்தான். என் அறையின் நாற்காலி அல்ல.

அதனால் வேறு வழியில் போனோம். அவர் மறைக்கும் இடங்களை எழுதினோம்: வீடு, ரயில், கடை, உறவுகள், கோயில். ஒவ்வொன்றிலும் மறைப்பதால் எவ்வளவு இழக்கிறார், காட்டினால் எவ்வளவு இழப்பார் என்று இரண்டையும் பேசினோம். வீட்டில், அதுவும் இரவில், மறைப்பதன் சுமை மிக அதிகம். காட்டுவதன் ஆபத்து மிகக் குறைவு. கடையில் தலைகீழ். ஆக முதலில் இரவுப் பொட்டு. கடை கடைசியில்.

இதற்கு மருத்துவக் காரணமும் இருந்தது. பசையை நிறுத்தாமல், மருத்துவர் எழுதிக்கொடுத்த டாக்ரோலிமஸ் களிம்பும், வாரம் இருமுறை கொடுக்கும் நேரோபேண்ட் யூ.வி.பி. ஒளிச் சிகிச்சையும் நெற்றியில் பயன் தராது. முகத்தில் நிறம் திரும்ப வாய்ப்பு நன்றாகவே உண்டு என்றும், விரல் நுனியிலும் உதட்டிலும் குறைவு என்றும் மருத்துவர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். குணமாகும்வரை மறைத்து ஓட்டிவிடலாம் என்ற எண்ணம் விரல்களைப் பொறுத்தவரை செல்லாது. அதை நேராகப் பேசிவிட்டோம்.

மேக்கப்பைக் கைவிடுவது இலக்காக வைக்கப்படவில்லை. "மேக்கப் போட எனக்குப் பிடிக்கும் மேடம், கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே பிடிக்கும்" என்று சொன்னவரிடம் அதையும் பிடுங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

வீடு

ஸ்டிக்கரை எடுத்துவிட்டு நெற்றியில் சில மாதங்கள் எதுவும் வைக்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார், குங்குமம்கூட. சுமங்கலிப் பெண் வெறும் நெற்றியோடு இருப்பது என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வெளுப்பு தெரிவதைவிட நெற்றி காலியாக இருப்பதுதான் அவருக்குப் பெரிய பயமாக இருந்தது. கணவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயமும் அதில் கலந்திருந்தது; அதைச் சொல்லிவிட்டுத் தானே வெட்கப்பட்டார். வெட்கப்பட ஒன்றுமில்லை. முப்பது வருடம் தினமும் செய்த ஒன்றுக்குள் பயமும் பாசமும் சேர்ந்தேதான் இருக்கும்.

முதலில் கணவரிடம் சொல்வதென்று முடிவானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு விளக்கை அணைக்காமலே பொட்டை எடுத்தார். கணவர் பார்த்துவிட்டு, "இது பொட்டுத் தடம்தானே, ரொம்ப நாளா இருக்கே" என்றாராம். பொட்டு நகர்ந்திருந்த இரவுகளில் அவர் பார்த்திருக்கிறார். பெண்களுக்கு அப்படி இருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டார். கேட்டவுடன் இவருக்கு நிம்மதி வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. ஆறு வருடம் பாத்ரூமில் நின்றது எதற்கு என்று அன்றிரவு கணவரிடம் கத்தியிருக்கிறார். அடுத்த சந்திப்பில் இதைச் சொல்லும்போது குற்றவுணர்ச்சியோடு சொன்னார். எனக்கு அது நல்ல அறிகுறியாகப் பட்டது.

மாமியாரைப் பற்றி நாங்கள் போட்ட கணக்கு பொய்த்தது. பெரிய எதிர்ப்பு அங்கிருந்துதான் வரும் என்று எதிர்பார்த்து, மருத்துவரின் சீட்டைக் காட்டுவது, கணவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுவது என்றெல்லாம் தயார் செய்திருந்தோம். ஒரு நாள் காலையில் காபி கொடுக்கும்போது அவர் மருமகளின் நெற்றியைப் பார்த்தார். விஷயம் கேட்டார். பிறகு சொன்னார்: "உங்க மாமா போனப்ப என்னைக் கேக்காம எடுத்தாங்க. நீ டாக்டர் சொல்லி எடுக்கறே. எடுத்துட்டு நல்லா இருந்தா சரி." அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வாசலில் பூக்காரியிடம் வழக்கம்போல ஒரு முழம் வாங்கி மருமகளிடம் கொடுத்திருக்கிறார். தலையில் பூ இருந்தால் தெருவில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பது அவருடைய ஏற்பாடு. என் ஏற்பாடுகளைவிட அது நன்றாக வேலை செய்தது.

மகள்தான் பேசவில்லை. வெண்புள்ளி அவளுக்குப் பிரச்சினையாக இல்லை, தன்னிடம் மறைத்ததுதான். "தூசி அலர்ஜின்னு என்கிட்டயுமா சொன்னே?" அது சரியாகச் சில வாரங்கள் ஆயின.

வரன்

நாத்தனார் மூலமாக ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பெண் பார்த்து முடிந்து, நிச்சயத்துக்கு நாள் குறிக்கும் கட்டம். விஷயம் தெரிந்ததும் நாத்தனார், "அண்ணி, கல்யாணம் முடியறவரைக்கும் கையில மெஹந்தி போட்டு மறைச்சுக்கோங்க. தாலி ஏறினப்புறம் யார் என்ன சொல்லப்போறா?" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. பெண்ணைப் பெற்ற வீடுகளில் காலங்காலமாகப் புழங்கும் யோசனை அது.

இதைத் தீர்மானிக்க அம்மாவும் மகளும் சேர்ந்து வந்தார்கள். நான் சொன்னவை தகவல்கள் மட்டும். வெண்புள்ளி தொற்றாது. தொழுநோய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தொழுநோய்த் திட்டில் தொடு உணர்ச்சி குறையும், வெண்புள்ளியில் குறையாது. தொழுநோயே இன்று முழுதாகக் குணமாகக்கூடியது. அதைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கும் வழியைக்கூட 2019-ல் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். மீனையும் தயிரையும் சேர்த்துச் சாப்பிடுவதால் வருவது என்பதற்கு ஆதாரமில்லை. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கு வாய்ப்பு சற்றுக் கூடும். ஆனால் தாய்க்கு இருந்தாலும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு வருவதில்லை. மகளுக்கு வரவே வராது என்று யாரும் எழுதிக்கொடுக்க முடியாது. இந்தக் கடைசி வரியை மழுப்பாமல் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டில் கேட்கப்போகும் கேள்வி அதுதான்.

சொல்லிவிடுவது என்ற முடிவு மகளுடையது. "இப்பச் சொல்லலைன்னா அங்க போய் நானும் பாத்ரூம்ல தாழ் போட்டுக்கணும்" என்றாள். யார் சொல்வது என்பதில் விவாதம் இருந்தது. இன்னொருவர் வழியாகப் போனால் வார்த்தை மாறிவிடும் என்று, அம்மாவே மாப்பிள்ளையின் அம்மாவிடம் போனில் பேசினார். என்ன பேசுவதென்று முன்பே எழுதிப் பார்த்தோம். மன்னிப்புக் கேட்கும் தொனி வரக்கூடாது என்பதில் கவனமாக இருந்தோம். முதலில் எழுதியதில் "தப்பா நினைச்சுக்காதீங்க" என்று இரண்டு முறை வந்திருந்தது. இரண்டையும் அவரே அடித்தார்.

அந்தப் பக்கம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். பத்து நாள் கழித்து, ஜாதகத்தை வேறு ஒருவரிடம் காட்டியதில் பொருத்தம் சரியில்லை என்று தகவல் வந்தது. நாத்தனார் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

இப்படி முடியலாம் என்பதையும் முன்பே பேசிவைத்திருந்தோம். அது உதவியது. ஆனால் வலியைக் குறைக்கவில்லை. அந்த வாரம் அவர் மறுபடி 4.15-க்கு எழுந்து எல்லாவற்றையும் பூசிக்கொண்டார். பூசட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடை

கடையில் தானாக எதையும் சொல்ல வேண்டாம் என்றிருந்தோம். ஆனால் நெற்றிப் பொட்டு இல்லாதது முதல் நாளே தெரிந்தது. யூனிஃபார்ம் சேலை, தலையில் பூ, பொட்டு எல்லாம் அங்கே எழுதப்படாத விதி. ஃப்ளோர் மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டார். மருத்துவர் சொன்னதை இவர் சொன்னார், விரலையும் காட்டினார். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, கஸ்டமர் என்ன நினைப்பாங்க" என்று, கொஞ்ச நாளைக்கு என மேல்மாடிக் காட்டன் பிரிவுக்கு மாற்றினார். இன்சென்டிவ் பாதிக்கும் கீழே இறங்கியது.

கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். கால் வலிக்கு அப்படி ஒரு வரி கிடைத்தது. முகத்துக்கு, விரலுக்கு என்று பிடித்துக்கொள்ள ஒரு வரியும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. தோல் மருத்துவரிடம், இது தொற்று நோய் அல்ல, வேலை செய்யத் தடையில்லை என்று தமிழில் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தோம். எழுத்தில் பதில் வரவில்லை.

காட்டன் பிரிவில் வேறொன்று நடந்தது. ஸ்டோர் ரூமை விட்டுவிட்டு, மற்றவர்களோடு உட்கார்ந்து கையால் சாப்பிட ஆரம்பித்தார். காரணம் கேட்டவர்களுக்குப் பசையைப் பற்றிச் சொன்னார். ஒரு மதியம் கூட வேலை செய்யும் பெண்கள் சாப்பாட்டு மேசையிலேயே தங்கள் பொட்டுகளை எடுத்து டிபன் மூடியில் ஒட்டிவிட்டு, ஒருவர் நெற்றியை ஒருவர் பார்த்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கு வட்டமாக லேசாக வெளுத்திருந்தது. ஒருத்தி இருபத்து மூன்று வயதுக்காரி. இருவரும் ஸ்டிக்கரை நிறுத்தி, அதே தோல் மருத்துவரிடம் போனார்கள். இளையவளுக்கு நிறம் கிட்டத்தட்டத் திரும்பிவிட்டது.

ஆவணி முகூர்த்தக் கூட்டத்துக்கு ஆள் போதாமல், சனி ஞாயிறுகளில் இவரைப் பட்டுப் பிரிவுக்குக் கூப்பிட்டார்கள். மனம் மாறிக் கூப்பிட்டதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை, அவரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பெண்ணின் அம்மா, இவர் விரித்த சேலையை நகர்த்திவிட்டு வேறு ஆளைக் கேட்டார். இவர் எழுந்து போய் வேறு குடும்பத்துக்குக் காட்டினார். அன்றைக்கு அவர்களிடம் மூன்று பட்டு போயிற்று.

எட்டு மாதம் கழித்து

நெற்றியில் ஓரங்களிலிருந்து பொட்டுப் பொட்டாக நிறம் திரும்பி வருகிறது. உதட்டோரம் கொஞ்சம். விரல்களில் மாற்றமில்லை. டி.எல்.க்யூ.ஐ. மதிப்பெண் 9. காலையில் 5.30-க்கு எழுந்திருக்கிறார். மேக்கப் பத்து நிமிடம். விருப்பமிருந்தால் உதட்டோரத்தை மூடுவார், விரல்களை மூடுவதில்லை. கல்யாண வீடுகளுக்கு, தண்ணீர் பட்டாலும் சில நாட்கள் நிற்கும் டைஹைட்ராக்ஸிஅசிட்டோன் சாயத்தை மருத்துவரின் யோசனைப்படி போட்டுக்கொள்கிறார். பழையபடி ஒளிகிறாரோ என்று ஒரு பயிற்சி மாணவி என்னிடம் கேட்டாள். பார்ப்பவர்களுக்காகப் பயந்து போடுவதும், போட்டோவில் எப்படித் தெரிய வேண்டும் என்று தானே முடிவு செய்து போடுவதும் எனக்கு ஒன்றல்ல. அவரிடமே கேட்டபோது, "கடையில சிரிக்கிறதும் நான்தான், வீட்டுல கத்துறதும் நான்தான்" என்றார்.

பட்டுப் பிரிவில் இன்னும் வார இறுதிகளில் மட்டும்தான். வருமானம் முன்பிருந்த அளவுக்கு வரவில்லை. மகள் சி.ஏ. இன்டர் எழுதப் போவதாகச் சொல்லி வரன் பேச்சை ஒரு வருடம் தள்ளிப்போட்டிருக்கிறாள். நாத்தனார் தீபாவளிக்கு வந்தார். யாரும் பழையதைப் பேசவில்லை.

இனி மாற்றிச் செய்வது

மறைப்பதற்கு ஒரு நாளில் எவ்வளவு நேரம் போகிறது என்ற கேள்வியை, தோல் பிரிவிலிருந்து வருபவர்களுக்கான முதல் படிவத்திலேயே சேர்த்திருக்கிறோம். வெளுத்த இடம் எவ்வளவு என்பதைவிட இந்த எண் அதிகம் சொல்கிறது. இரவிலும் பொட்டோடு தூங்குவீர்களா என்பதும் படிவத்தில் இருக்கிறது.

வீட்டில் யார் எதிர்ப்பார்கள் என்ற ஊகத்தில் ஏற்பாடுகளைக் குவிக்காமல், யாருக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே கேட்கிறோம். இந்த வீட்டில் அது மகள்.

வேலையிடம் பற்றி: மருத்துவரின் கடிதத்தைப் பிரிவு மாற்றம் நடந்த பிறகு கொடுப்பதைவிட, பொட்டை எடுக்கும் நாளுக்கு முன்பே கையில் வைத்திருப்பது நல்லது. கூடவே, முந்தைய ஆறு மாத இன்சென்டிவ் விவரத்தை எடுத்து வைக்கச் சொல்கிறோம். இவரிடம் அது இல்லை; சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளம் மட்டுமே அச்சாகி வந்தது, மீதி கவரில் கொடுக்கப்பட்டது. எவ்வளவு குறைந்தது என்பதற்கு அவருடைய டைரியைத் தவிர வேறு சான்று இல்லை.